ராவ் சாகிபின் பூகோளம்

1934 மே 3, வியாழன்

காலை எட்டுக்கே மண்டையைப் பிளக்கும் வெயில். பள்ளிக்கூடம் லீவு. செய்ய வேண்டியவை: குடைக் கம்பி. சலவைக்குப் போய்த் திரும்பாத இரண்டு ரவிக்கை. அச்சிலிருக்கும் என் புத்தகத்தின் புரூப் திருத்தம், ஐந்தாம் பாரமும் ஆறாம் பாரமும்.

பெரியகடை வீதிக்கு ஜட்கா. காதர் பாய் அச்சுக்கூடத்தில் மின்விசிறி ஓடவில்லை. மூன்று வருஷமாக நான் எழுதிய புத்தகம் ஈய எழுத்தாகத் தட்டுத் தட்டாகக் கிடக்கிறது. முதல் பாதி இயற்கைப் பூகோளம்: மலை, ஆறு, காற்று, மழை. பின்பாதி மானிடப் பூகோளம்: மனிதர் எங்கே குடியேறுகிறார்கள், ஏன், என்ன விளைவிக்கிறார்கள். லண்டன் ஆற்றைச் சொல்லித் தொடங்காமல் காவிரியைச் சொல்லித் தொடங்கும் புத்தகம். இங்கே வேறு யாரும் எழுதக் காணோம்.

முகப்பில் மட்டும் என் பெயர் இல்லை. ரிடையரான ஸ்கூல் இன்ஸ்பெக்டர், ஸ்ரீரங்கத்து ராவ் சாகிப் பெயர். “டீச்சரம்மா, தப்பா நெனைக்காதீங்க. அவங்க பேரு இருந்தாத்தான் பாடப் புஸ்தகக் கமிட்டியில பாஸாகும்” என்றார் காதர் பாய். நல்ல மனிதர். அவரிடம் கோபித்து என்ன பயன்.

மே 5, சனி

அக்னி நட்சத்திரம் பிறந்தாயிற்று. ஸ்ரீரங்கம் போனேன். பாலத்துக்குக் கீழே காவிரி வெறும் மணல். ஆட்கள் நடந்தே அக்கரை போகிறார்கள். மணலில் ஊற்றுத் தோண்டிப் பெண்கள் குடம் குடமாகச் சுமக்கிறார்கள். மணி பன்னிரண்டு.

ராவ் சாகிப் வீட்டில் எனக்கு வாசலோடு ஒரு முக்காலி. ஞானம்மாள் என்ற என் கிறிஸ்தவப் பெயருக்கு அதற்குமேல் இடமில்லை. அவர் கூடத்தில் சாய்வு நாற்காலியில். ஓர் ஆள் நின்றுகொண்டு விசிறுகிறான்.

“வந்தியா? டைட்டில் பேஜ்ல என் பேர் பொடி எழுத்தா இருக்கே. பெரிசு பண்ணச் சொல்லு. ராவ் சாகிப்ங்கறது தனி வரியா வரணும்.”

சரி.

“உஷ்ணப் பிரதேசம் பாடத்துல ஒண்ணு சேத்திருக்கேன் பாரு. இங்கிலீஷ் புஸ்தகத்துல இருக்கு.”

பார்த்தேன். ‘இப்பகுதி மக்கள் விடியலிலும் மாலையிலும் வயலில் உழைப்பர்’ என்று நான் எழுதியதை அடித்துவிட்டு, ‘இப்பகுதி மக்கள் இயல்பாகவே சோம்பலுள்ளவர்கள்’ என்று போட்டிருக்கிறார். ஊற்றுத் தோண்டும் பெண்களைச் சொன்னேன். “அதெல்லாம் ஸயின்ஸ் ஆகாதும்மா” என்றார். சோம்பலுக்கு அத்தாட்சி வேண்டுமென்றால் சாய்வு நாற்காலியிலேயே இருந்தது.

ஒரு நாள் வெயில் வானிலை, பல வருஷத்து வெயில் சீதோஷ்ண ஸ்திதி என்று இரண்டாம் பாடத்தில் எழுதியிருக்கிறேன். இவருடைய அகம்பாவம் இரண்டாவது வகை.

மே 6, ஞாயிறு

கோயில். பிரசங்கம் பொறுமையைப் பற்றி. கேட்கப் பிடிக்கவில்லை.

ராவ் சாகிபைத் திட்டி என்ன. ‘ஸ்திரீ எழுதின பூகோளத்தை எவன் வாங்குவான்’ என்று அவர் கேட்டபோது தலையாட்டியது யார்? நான்தான். முகவுரையில் என்னைக் குறிப்பிடுவதாகச் சொன்னார். அதற்கே பல்லைக் காட்டிக்கொண்டு வந்தேன். வெட்கங்கெட்டவள்.

பலாப்பழம் வாங்கினேன். வயிறு சரியில்லை.

மே 9, புதன்

இன்று நடந்ததை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் ஜில்லாவும் கடல் வரை சுற்று வட்டாரமும் உள்ள படத்தின் புரூப் வந்தது. படத்துக்கு மரப் பிளாக் செதுக்கும் ஆள் சென்னைக்குப் போய்விட்டதால் காதர் பாய் ஸ்ரீரங்கத்து ஆசாரி ஒருவரிடம் கொடுத்திருந்தார். தேருக்குச் சிற்பம் செதுக்குகிறவர். நல்ல கை. கோடு ஒவ்வொன்றும் மயிரிழை. ஆனால் பிளாக்கில் படத்தை இடம் வலமாக மாற்றிச் செதுக்க வேண்டும், அப்போதுதான் காகிதத்தில் நேராக விழும். தேர்ச் சிற்பத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. மனிதர் நான் வரைந்ததை வரைந்தபடியே செதுக்கிவிட்டார். ஊர்ப் பெயருக்குப் பலகையில் ஓட்டை போட்டு ஈய எழுத்தைச் செருகுவார்கள். ஆகவே பெயரெல்லாம் ஒழுங்காக விழுந்திருக்கிறது, பூமிதான் திரும்பிவிட்டது.

வடக்கு மேலே, சரி. தெற்கு கீழே, சரி. வங்காள விரிகுடா இடதுபுறம். காவிரி கிழக்கிலிருந்து வந்து மேற்கே போய்க் கடலில் விழுகிறது. முசிறி கிழக்கே, தஞ்சாவூர்த் திசையில்; திருவெறும்பூர் மேற்கே, கரூர்த் திசையில்.

அட கடவுளே என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது கம்பாசிட்டர், “இத ராவ் சாகிப் ஐயா பாத்துக் கையெழுத்துப் போட்டாப் போதும், அச்சுக்கு ஏத்திடலாம்” என்றான்.

அவர் பார்க்கட்டுமே! முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய், குழந்தைகளை எழுப்பி நிறுத்தி, ‘கிழக்கு எது, காட்டு’ என்று மிரட்டிய மகானுபாவர். அவர் புத்தகம். அவர் பெயர், தனி வரியில். எனக்கென்ன வந்தது?

புரூப்பை மடித்து, ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 11, வெள்ளி

கையெழுத்துப் போட்டுவிட்டார்! காதர் பாய் சொன்னது: “படம் திவ்யமா இருக்குன்னாங்கம்மா. அவங்க பேருக்குக் கீழ ஒரு கோடு மட்டும் போடச் சொன்னாங்க.”

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். எவ்வளவு நாளாயிற்று இப்படிச் சிரித்து.

மே 13, ஞாயிறு

சிரிப்பு நின்றுவிட்டது. என் பள்ளியில் மூன்றாம் பாரம் படிக்கும் பெண்கள் ஜூனில் அந்தப் படத்தை வைத்துத்தான் படிப்பார்கள். நானேதான் கரும்பலகைக்கு முன் நின்று நடத்த வேண்டும். நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம்.

மே 14, திங்கள்

போகவில்லை. தலைவலி என்று வைத்துக்கொள்ளலாம். தலைவலி இல்லை.

மே 25, வெள்ளி

புத்தகம் வந்துவிட்டது. நீலக் காலிகோ அட்டை, பசை வாசனை. முகவுரையைத் தேடிப் படித்தேன். ‘கையெழுத்துப் பிரதியைச் சுத்தமாக நகலெடுத்து உதவிய உபாத்தியாயினி ஒருத்திக்கு என் ஆசி.’ நகலெடுத்தாளாம்! ஒருத்தியாம்! ஆசியாம்! மூன்று வருஷம் எண்ணெய் வாங்கி விளக்கேற்றி எழுதியவள் நகலெடுத்தவள். நல்லவேளை, சொல்லாமல் இருந்தேன். ஊர் ஊராகப் போகட்டும் அந்தப் படம். ஊர் சிரிக்கட்டும்.

ரவிக்கை ஒன்று வந்தது. மற்றது போயே போயிற்று.

ஜூன் 1, வெள்ளி

முசிறிப் பள்ளித் தலைமையாசிரியர் கார்டு போட்டிருக்கிறார், ராவ் சாகிபுக்கு. ‘தங்கள் கிருபையால் எங்கள் ஊர் ஒரே ராத்திரியில் தஞ்சாவூர்த் திசைக்குக் குடிபோயிருக்கிறது. வரி அங்கேயே கட்டலாமா?’ அதை ஒப்பிக்கும்போது காதர் பாய் முகத்தில் ஈயாடவில்லை.

“ராவ் சாகிப் அச்சுக்கூடத்துக்கே வந்து நின்னு கத்துனாங்கம்மா. இந்தப் புஸ்தகத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லே, எழுதினது அந்த ஸ்கூல் அம்மா, என் பேரை எடுத்துட்டு அவ பேரைப் போடுங்கோன்னாங்க.”

“நான் எழுதினேன்னு அவரே சொன்னாரா?”

“அத்தனை பேர் முன்னாடி சொன்னாங்க. மூணு தடவை.”

எனக்கு வந்தது சந்தோஷமா, பயமா, தெரியவில்லை. இரண்டும்தான்.

ஜூன் 4, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. மாலை காதர் பாய் புத்தூருக்கு என் வீடு தேடி வந்தார். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. மோர் கொடுத்தேன். கையில் புது முகப்புப் பக்கத்தின் புரூப்.

“படத்தை மாத்த முடியாதா, பாய்?”

“தைச்சு அட்டை ஒட்டியாச்சும்மா. முகப்பை மட்டும் கிழிச்சு வேற ஒட்டலாம். படத்தை அடுத்த பதிப்புல சரி பண்ணிடுவோம், இன்ஷா அல்லா. உங்களுக்கு இஷ்டமில்லேன்னா சொல்லுங்க, பேரே இல்லாம விட்டுடறேன்.”

பேர் இல்லாமல். அதையும் யோசித்தேன். பொய் எதற்கு, யோசிக்கவே இல்லை.

பிறகு அவர் கேட்டார்: “அந்தப் படம் மொதல்ல உங்க கைக்குத்தானே வந்துச்சு. அப்ப உங்க கண்ணுல படலியாம்மா?”

“படல, பாய்.”

நம்பிவிட்டார். உடனே நம்பிவிட்டார். “உங்க கண்ணுக்கே தப்பிச்சதுன்னா ஆசாரி பாவம் என்ன பண்ணுவார்? அவரை வாய்க்கு வந்தபடி ஏசி, இனிமே இந்தப் பக்கம் வராதேன்னு வேற சொல்லிட்டேன். வயசானவர். நாளைக்குப் போய்ப் பாக்கணும்.”

நான் புரூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘எஸ். ஞானம்மாள், எல்.டி. இயற்றியது.’ தனி வரி. எழுத்தெழுத்தாக இரண்டு தடவை படித்தேன். ஒரு புள்ளி கூட விடுபடவில்லை.

பேனா கேட்டு வாங்கி, ‘சரி, அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.