மிதித்தால் கேட்கும் சத்தம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உடம்பும் மனதும் தெம்பாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எங்கள் இருவருக்கும் வருகிற முதல் நினைப்பு. என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், படியைக் கட்டியதே நான்தான் என்பது போல. சமையலறைக் குழாய் சொட்டுகிறது, வாஷர் மாற்ற வேண்டும். உன் அறையில் உன் புத்தகங்கள் வைத்தபடியே இருக்கின்றன, நடுவில் ஒரு நாள் தையல் மிஷினை அங்கே போடலாமா என்று உன் அம்மா கேட்டாள், நான் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன், அவளும் அப்புறம் கேட்கவில்லை. மூன்று வருஷமாகப் போனிலேயே பேசிவிட்டு இப்போது எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் சொல்ல முடியாத விஷயம் என்பதால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி.

உன் காரிலிருந்து ஆரம்பிக்கிறேன். பழைய கியர் வண்டி ஒன்று வாங்கியிருக்கிறாய், கிளட்சை மிதித்தால் ஏதோ சத்தம் வருகிறது என்று போன மாதம் அம்மாவுக்குப் பதிவு செய்து அனுப்பினாய். என்னிடம் காட்ட வேண்டாம், அப்பா கோபப்படுவார் என்று அவளிடம் சொன்னாயாம். அவள் கேட்பாளா, அன்றைக்கே போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்தாள். எனக்கு இஞ்சின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாவது தடவையும் வைக்கச் சொன்னேன், அதேதான். ஒரு குறையும் இல்லை, வண்டி நன்றாக இருக்கிறது, தைரியமாக ஓட்டச் சொல் என்று சொல்லிவிட்டேன். அம்மாவும் உனக்கு அப்படியே சொன்னாள். பிறகு போன வாரம் திடீரென்று, காரை எடுக்காதே, பஸ்ஸில் போ என்று சொன்னாள். ஏன் என்று நீ கேட்டதற்கு, அப்பா சொன்னார் என்பதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை, காரணத்தைச் சொல்ல வேண்டாம் என்று தடுத்தது நான்தான். ஒரு நாள் ஓட்டு என்கிறார், ஒரு நாள் ஓட்டாதே என்கிறார், அவருக்கு நான் இங்கே வந்ததே பிடிக்கவில்லை, அதுதான் என்று நீ சொன்னாயாம். அதை அம்மா என்னிடம் சொன்ன அன்றுதான் இந்தத் தாளை எடுத்தேன்.

நான் பாக்கிங் கம்பெனிக்கு வேன் ஓட்டுவது உனக்குத் தெரியும், காலை ஷிப்டுக்குப் பதினாலு பெண்கள் வருவார்கள். அதில் எப்போதும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிற ஒருத்தி இருக்கிறாள், எல்லோரும் ஜன்னலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் இரண்டு மாதமாக, அண்ணே, நீங்க பெடல்ல காலை வச்சாலே வண்டிக்குள்ள குருவி கத்துது, முட்டை போட்டிருக்கான்னு பாருங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். என்னைக் கிண்டல் செய்யாமல் அவர்களுக்குப் பொழுது போகாது, இதுவும் அதில் சேர்ந்தது என்று விட்டுவிட்டேன். எனக்குக் கேட்டது வேறு சத்தம். நியூட்ரலில் நிற்கும்போது அடியில் மெல்ல உறுமும், கிளட்சை மிதித்தால் நின்றுவிடும். மிதித்தால் நிற்கிற சத்தம் என்றால் கியர் பாக்ஸின் முன் பேரிங்தான், இது எனக்குப் பாடம் மாதிரி. மெக்கானிக்கிடம் கொண்டுபோய், பாக்ஸை இறக்கு, முன் பேரிங்கை மாற்று என்றேன். அன்றைக்கு அவன் பட்டறையில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது, அவன் காது கொடுத்துக் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. இருபது வருஷமாக என் காதை நம்புகிறவன். அரை நாள் வேலை. பாக்ஸ் கீழே இருக்கும்போதே ரிலீஸ் பேரிங்கையும் மாத்திடலாமா அண்ணே என்று கேட்டான். எந்த மெக்கானிக்கும் அதைத்தான் செய்வான், திரும்ப இறக்குகிற பாடு யாருக்கு வேண்டும். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் சுற்றுகிற பேரிங் அது. நான் அதைக் கையில் வாங்கி, காதோரம் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். கையில் தடித்த கையுறை வேறு. பட்டு மாதிரி சுத்துது, இதைப் போய் எவனாவது மாத்துவானா என்று சொல்லி அதையே திரும்பப் போட வைத்தேன்.

மறுநாள் காலை நான் பெடலில் காலை வைத்ததும் ஜன்னலக்கா, அண்ணே, குருவி இன்னும் வீட்டைக் காலி பண்ணலை என்றாள். இந்தத் தடவை எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது, இறங்கி நடந்து வா என்று சொல்லிவிட்டேன். பதினாலு பேரையும் இறக்கிவிட்டு நேராகப் பட்டறைக்குப் போய் மெக்கானிக்கிடம் சண்டைக்கு நின்றேன், ஒழுங்காக மாட்டினாயா என்று. அவன் கம்ப்ரசரை நிறுத்தினான். என்னை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு அவன் சீட்டில் உட்கார்ந்து, இஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை மெதுவாக மிதித்தான். பட்டறைக்கு எதிரே பூட்டுக் கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கேட்டிருக்கிறது கண்ணு, பக்கத்தில் நிற்கிற எனக்குக் கேட்கவில்லை. அவன் விட்டு விட்டு நாலு தடவை மிதித்தான், நான் அவன் காலையும் பூட்டுக் கடைக்காரர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு இஞ்சினை அணைத்துவிட்டு என் காதோரம் வந்து நின்று, வேறு யாருக்கும் கேட்காதபடி, “அண்ணே, வண்டியில இருக்கிறது சின்னக் கோளாறு. நாளைக்கு வேலை வேணாம், டாக்டரைப் பாருங்க” என்றான். பெரிய மனுஷன், ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. ரிலீஸ் பேரிங்கை மாற்றப் பாக்ஸை மறுபடி இறக்கினான்.

காது டாக்டர் உன் வயதுப் பெண். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்றாள். அவள் விரல் பட்டனை அமுக்குவதைப் பார்த்துப் பார்த்துக் கையைத் தூக்கினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஐயா, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கலாம் என்று சிரித்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது, கையைத் தூக்குகிற வேலை அதிகம் வரவில்லை. தடித்த சத்தம் கேட்கிறது, மெல்லிய கீச்சுக் குரல் எல்லாம் போய்விட்டது, இஞ்சினுக்குப் பக்கத்திலேயே காலத்தைக் கழித்ததால் வந்தது என்றாள். எத்தனை வருஷமாக என்று கேட்டாள், எனக்கே தெரியவில்லை என்றேன். அது பொய். எனக்குத் தெரியும். நீ ஊரை விட்டுப் போன முதல் வருஷத்திலேயே தெரியும்.

உன் குரல் சின்னக் குரல். பள்ளிக்கூடத்தில் டீச்சரே, உங்க பொண்ணு பேசுறது அவளுக்காவது கேட்குதா என்று கேட்டது நினைவிருக்கும். போனில் அது இன்னும் மெலிந்துவிடும். நீ பேசுவாய், எனக்கு இரைச்சல்தான் வரும், நடுவில் அப்பா என்பது மட்டும் சில சமயம் தெரியும். நீ நிறுத்துகிற இடம் பார்த்து, சரி, நல்லது, உடம்பைப் பார்த்துக்கொள் என்பேன். வீடியோவில் நீ சிரித்தால் நானும் சிரிப்பேன், எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாது. போன வருஷம் ஒரு நாள் நீ ஏதோ சொன்னாய், நான் நல்லது, நல்லது என்றேன், நீ போனை வைத்துவிட்டாய். முதல் வேலை போய்விட்டது என்று அன்றைக்கு நீ அழுதிருக்கிறாய், பிறகு அம்மாதான் சொன்னாள். உன்னைத் திருப்பிக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. கூப்பிட்டாலும் நீ சொல்வது கேட்காதே. அதற்குப் பிறகு போன் வந்தால் குளிக்கப் போவேன், வண்டி துடைக்கப் போவேன். அப்பாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று நீ நினைத்துக்கொண்டாய். நீ கிளம்பும்போது வேண்டாம் என்று சத்தம் போட்டவன்தானே நான், நீ நினைத்ததில் தப்பில்லை. அது எனக்கும் வசதியாகப் போயிற்று. செவிடன் என்று உனக்குத் தெரிவதைவிடக் கோபக்காரன் என்று இருப்பது மேல் என்று நினைத்தேன். செவிடன் என்று தெரிந்தால் வேனை விடச் சொல்வாய், வேனை விட்டால் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. எப்படிப்பட்ட கணக்கு பார், பெற்ற மகளைவிட வேன் பெரிதாகப் போய்விட்டது. உன் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை கண்ணு. நம் குடும்பத்தில் பட்டம் வாங்கி, கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு லேபில் வேலை செய்கிற முதல் ஆள் நீ. அதை நான் வேனில் சொல்லாத நாள் இல்லை, ஜன்னலக்காவைக் கேட்டுப் பார்.

அம்மாவிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன், இனி என் காதை நம்பி உன்னைக் காரை எடுக்க விடாதே என்றும் சொன்னேன். கல்யாணம் ஆன நாளிலிருந்தே நான் பேசுவது உங்கள் காதில் விழுந்ததில்லை, அதனால் வித்தியாசம் தெரியவில்லை என்றாள். அப்புறம் சமையலறைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.

இப்போது காதுக்கு மிஷின் வந்துவிட்டது, நாலு நாளாகப் போடுகிறேன். அதைப் போட்டுக்கொண்டு ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாள், கம்பெனியில் காட்டிவிட்டேன், ஜன்னலக்காவிடம் மன்னிப்பும் கேட்டேன். குழாய் சொட்டுகிறது என்று மேலே எழுதினேனே, அது இந்த மிஷினால் கிடைத்த செய்திதான். பட்டறையில் கழற்றிப் போட்டிருந்த பழைய ரிலீஸ் பேரிங்கை வெறுங்கையால் சுற்றிப் பார்த்தேன். மணல் அரைபடுவது மாதிரி விரலுக்கே தெரிந்தது, காதுக்கும் கேட்டது. பிறகு வீட்டுக்கு வந்து உன் பதிவைப் போடச் சொன்னேன். இப்ப மிதிக்கிறேன், இப்ப விடுறேன், இப்ப பாதி என்று நீ சொல்லிக்கொண்டே செய்திருக்கிறாய், சின்ன வயதில் என் பக்கத்தில் உட்கார்ந்து செய்த மாதிரியே. முதல் தடவை அதில் ஒரு வார்த்தை கூட எனக்குக் கேட்கவில்லை. கடைசியில், இஞ்சினை அணைத்த பிறகு, “அப்பா பக்கத்துல இருந்தா ஒரே மிதியில சொல்லியிருப்பாரும்மா” என்கிறாய். அம்மா அதை அன்றைக்கே கேட்டவள், நானும் கேட்டுவிட்டுக் கல் மாதிரி எழுந்து போனேன் என்று நினைத்திருக்கிறாள். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன், எத்தனை தடவை என்று எழுத மாட்டேன்.

சொல்கிறேன், கேட்டுக்கொள். காலை எடுத்தால் அமைதி, லேசாகப் பெடலில் வைத்ததுமே கீச்சென்கிறது, அமுக்க அமுக்கக் கூடுகிறது. ரிலீஸ் பேரிங் போய்விட்டது. முழுதாக அமுக்கினால் மட்டும் வந்தால் உள்ளே இருக்கும் சின்ன பேரிங் என்று சொல்வேன், உன்னுடையது அது இல்லை. ஒரே ஒரு சந்தேகம், இஞ்சினை அணைத்துவிட்டு வெறும் பெடலை மிதித்துப் பார், அப்போதும் கிறீச்சிட்டால் பெடல் மூட்டுக்கு எண்ணெய் போட்டால் போதும். இல்லையென்றால் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும், இறக்கும்போது கிளட்ச் பிளேட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல். அதுவரை ஓட்டாதே, நடுரோட்டில் பேரிங் உடைந்தால் மிதித்தாலும் கிளட்ச் விடுபடாது, கியரிலிருந்து வண்டி வெளியே வராது. சரியான பிறகும் சும்மா ஓடும்போது பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதே, அந்தப் பழக்கம் உனக்கு உண்டு.

நீ எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, யாருக்கும் பயப்படாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடு, அம்மா நம்பருக்கு வேண்டாம், என் நம்பருக்கு. போனில் குரல் பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். நான் என்ன, என்ன என்று கேட்டால் திரும்பச் சொல், எத்தனை தடவை ஆனாலும் திரும்பச் சொல். ஒண்ணுமில்லப்பா, விடுங்க என்று மட்டும் சொல்லிவிடாதே.

நீ கூப்பிடும் நேரத்துக்குப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
உன் அப்பா