பில்லின் அடியில் ஒரு பெண் பெயர்

நம் வீட்டு நிதி மந்திரிக்கு,

உன் கணவன் எழுதிக்கொள்வது. நான் நலம். என் கால் வலி இங்கே பையன் வீட்டுக்கு வந்ததும் போய்விட்டது. வாய்க்கொழுப்பு மட்டும் குறையவில்லை. உன் சர்க்கரை எப்படி? எதிர்வீட்டுத் தையல்காரம்மா இன்னும் நம் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாளா? இந்தக் கடிதத்தை அவள் கண்ணில் காட்டிவிடாதே.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே நடத்தும் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்வருகிறேன். முப்பது வருஷம் ஜவுளிக்கடையில் நின்றே சேலை விற்றவனுக்கு, விளையாட்டு நோட்டைக் கொடுத்து "என்ன விலை?" என்று கேட்கக் கற்றுத்தருகிறார்கள். தக்காளி வாங்குவதுபோல் நடிக்கச் சொன்னாள் டீச்சர். பழக்கதோஷம், பாதி விலைக்குக் கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. கடையில் யாராவது வந்து என்ன வேண்டும் என்று கேட்டால், "ஜஸ்ட் லுக்கிங்" என்று சொல்லித் தப்பிக்கலாமாம். சும்மா பார்க்கிறேன் என்று அர்த்தம். அப்படிச் சும்மா பார்த்துவிட்டுப் போனவர்களை நான் என்னென்ன திட்டியிருக்கிறேன் என்று உனக்குத்தான் தெரியுமே!

விஷயத்துக்கு வருகிறேன். பையன் மேல் எனக்குச் சந்தேகம். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவன், தினமும் வந்ததும் வெந்நீரில் காலை வைத்துக்கொள்வானேன்? கேட்டால், "ஷூ கடிக்குதுப்பா" என்கிறான்.

இதற்கிடையில், வீட்டிலிருந்து பில் கொண்டுவந்து படிக்க வேண்டும் என்று வீட்டுப்பாடம். குப்பைக்கூடையைக் கிளறினேன். ஒரே கடையின் பில் நாலு. நாலின் அடியிலும் ஒரே பெண் பெயர்! வரப்போகும் மருமகளைக் குப்பைக்கூடையில் கண்டுபிடித்த மாமனார் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் டீச்சரிடம் ரகசியமாகக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது கல்லாவில் பில் போட்டவளின் பெயராம். பிறகு அதற்கு மேல் வரியில் விரலை வைத்தாள். அந்தக் கடையில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் தரும் தள்ளுபடியாம். உங்கள் வீட்டில் யார் அங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டாள். "நோ, நோ" என்றேன். அந்த ஒரு வார்த்தை எனக்கு நன்றாக வரும்.

வியாழக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். நம் பையன் பச்சை ஏப்ரன் கட்டி, முட்டி போட்டு, கீழ்த்தட்டில் டப்பா அடுக்கிக்கொண்டிருந்தான். லேபிள் எல்லாம் முன்பக்கம், நூல் பிடித்த மாதிரி வரிசை. நான் சேலை அடுக்குவதும் அப்படித்தான். "என் பிள்ளை என்னை மாதிரி நின்னு பிழைக்க மாட்டான்" என்று ஊர் முழுக்கச் சொன்னவனும் நான்தான். அவனும் அதைக் கேட்டுக்கொண்டுதானே வளர்ந்தான்?

ஒரு பெண் வந்து, உதவி வேண்டுமா என்று கேட்டாள். "ஜஸ்ட் லுக்கிங்" என்றேன். தப்பில்லாமல் வந்தது. டப்பா வைத்த அவன் கை ஒரு நொடி நின்றது. திரும்பவில்லை. என் குரல் கேட்டதா, எண்ணிக்கை தப்பியதா? அந்தச் சந்தேகம் என்னோடு இருக்கட்டும்.

சாயங்காலம் வந்தவனிடம் ஆபீஸ் எப்படி என்று கேட்டேன். "பரவால்லப்பா" என்றான். வெந்நீர் தயாராக வைத்திருந்தேன்.

இனிமேல் போனில் ஆபீஸ் போட்டோ அனுப்பு என்று அவனை நச்சரிக்காதே. சாப்பிட்டானா என்று மட்டும் கேள். அடுத்த மாதம் உன் அண்ணன் மகன் இங்கே வருகிறான் அல்லவா? நான் ஜவுளிக்கடைக்குப் போன காலத்தில் ராத்திரி ராத்திரி நீ என் காலில் தேய்த்துவிடுவாயே, அந்தத் தைலம் நாலு பாட்டில் அவனிடம் கொடுத்தனுப்பு. எதற்கு என்று பையன் கேட்டால், அப்பாவுக்குக் கால் வலி திரும்ப வந்துவிட்டது என்று சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
சும்மா பார்த்துவிட்டு வந்தவன்