சுட்ட கோழிக்குப் பெருங்காயம்

அடியே,

இன்று காலை வெல்லத்தையும் வினிகரையும் தக்காளிச் சாற்றில் கொதிக்கவிட்டேன். அந்தப் புளித்த ஆவி மூக்கில் ஏறியதும் தும்மல் வந்தது. பின்னாலேயே நீயும் வந்துவிட்டாய். நீ போய் மூன்று வருஷமாகிறது, ஆனால் வருவதற்கு உனக்கு ஒரு தும்மல் போதும்.

தெலுங்கு ஊரான திருமுல்கேரியில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். என் வீட்டுக்காரருக்குச் சனத்நகரில் வேலை, உன் வீட்டுக்காரருக்கு ராணுவ ஒர்க்‌ஷாப்பில். நான் கும்பகோணத்துச் சைவம், நீ பாளையங்கோட்டை அசைவம். "கோழி வாசம் வந்தா ஜன்னலைச் சாத்திக்கோ, என்னைத் திட்டாத" என்று குடிவந்த அன்றே சொல்லிவிட்டாய். நான் ஒரு நாளும் சாத்தவில்லை. சாத்தினால் உன் பேச்சு எப்படிக் கேட்கும்?

ஒரு வருஷம், சாப்பாட்டுக் கடை போட்டுக் காணிக்கை சேர்க்கும் உங்கள் சர்ச் அறுப்பின் பண்டிகையில் கோழிக் கடை முதல் தடவையாக உன் கைக்கு வந்தது. வெகுகாலம் அதை நடத்திய பெரியம்மா முட்டிவலியால் ஒதுங்கினார், அதுவும் அரை மனசாக. "சொதப்புனேன்னா அடுத்த வருஷம் என்னை எலுமிச்சம்பழம் பிழிய அனுப்பிருவாங்கட்டி" என்று சிரித்தாய். ஆனால் இரண்டு வாரமாக உனக்குச் சோறு இறங்கவில்லை. ராணுவ மெஸ் சமையல்காரரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வந்தாய், பார்பிக்யூ சாஸ் என்று. வெல்லமும் வினிகரும் தக்காளியும் சேர்ந்து தித்திப்பும் புளிப்புமாக இருக்குமாம், சுடுகிற கோழிமேல் தடவ வேண்டுமாம். நம் தெருவில் யாரும் அந்தப் பேரைக்கூடக் கேட்டதில்லை.

பண்டிகையன்று உனக்குக் காலை ஆராதனையில் பாட்டு. சாஸில் மாமிசம் இல்லையே என்று என் அடுப்பிலேயே ஏற்றிவிட்டு, "அடி பிடிக்காம கிண்டு, கெட்டியானதும் எறக்கி எடுத்துட்டு வா" என்று ஓடினாய். கிண்டினேன். கெட்டியானது, இறக்கினேன். இறக்கினால் தாளிக்க வேண்டாமா? நல்லெண்ணெயில் கடுகு, வற்றல் மிளகாய், தாராளமாகப் பெருங்காயம். புளிக்காய்ச்சல் செய்தே பழகிய கை, அதற்கு வேறென்ன தெரியும்? ருசி பார்த்திருந்தாலாவது உறைத்திருக்கும். எங்கள் வீட்டிலோ சாமிக்குக் காட்டாமல் எதையும் வாயில் வைக்க மாட்டோம். சாஸை எந்தச் சாமிக்குக் காட்டுவது? அப்படியே மூடி எடுத்து வந்தேன்.

சர்ச் மைதானத்தில் நீ மூடியைத் திறந்தாய். உன் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எனக்கே விஷயம் புரிந்தது. செங்கல் அடுப்பில் கரி கனன்றுகொண்டிருந்தது, ஆராதனை முடிந்து ஜனம் வரிசையில் நின்றுவிட்டது. நீ விரலால் தொட்டு நக்கினாய். ஒரு நிமிஷம் வானத்தைப் பார்த்தாய். பிறகு கோழிமேல் தடவ ஆரம்பித்தாய்.

முதல் துண்டு பெரியம்மாவுக்கு. ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிதானமாக மென்றார். "இதுல பெருங்காயத்தைப் போட்டது யாரு?" என்றார். நான் உன் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கி நின்றேன்.

"நான்தான் போடச் சொன்னேன், பெரியம்மா. கோழி செரிக்கணும்லா" என்றாய். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அவர் இன்னும் கொஞ்சம் மென்றார். "இன்னொரு துண்டு வையி" என்றார். மத்தியானத்துக்குள் பாத்திரம் வழித்துத் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. அடுத்த வருஷமும் கடை உனக்குத்தான், தாளிப்பு எனக்குத்தான்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் அப்படிச் சொன்னாய், கடையே போயிருக்குமே என்று கேட்டேன். "பின்ன, உன்னைக் காட்டிக் குடுத்துட்டு நான் கோழி விக்கவா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த ஸ்டாப்பில் மல்லிகைப்பூ விற்கிறதா என்று எட்டிப் பார்த்தாய். அவ்வளவுதான் உனக்கு அது.

எனக்கு அவ்வளவோடு போகவில்லை. போன வாரம் மருமகள் பாயசத்தில் பச்சைக் கற்பூரத்தை அள்ளிப் போட்டுவிட்டாள். ஊரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது பாயசமா, கோயில் தீர்த்தமா?" என்றாள். அந்தப் பெண்ணின் முகம் செத்துவிட்டது.

"நான்தான் போடச் சொன்னேன்" என்றேன்.

நாத்தனார் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகிறாள். மருமகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் எனக்கு இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டேன்.