கடித்து வைத்த ரொட்டி

நமங்கான்

அம்மாவுக்கு மாவுலியின் வணக்கம். முட்டிவலி தேவலையா?

கால்பந்து ஆட வந்ததில் இது எனக்கு ஐந்தாவது நாடு. இடது ஓரத்தில் பந்தோடு ஓடினால் என்னைப் பிடிக்க இங்கேயும் ஆளில்லை.

போன வாரம் வெளியூர் ஆட்டத்துக்குக் கிளம்பும்போது வீட்டுக்கார ஸுல்ஃபியா அக்கா ஒரு ரொட்டியை நீட்டினார். பசியில் முழுசையும் தின்றுவிட்டேன்.

"அட மடையா! ஒரு வாய் கடிச்சுட்டுக் குடுக்கணும். மிச்சத்தை நான் சுவத்துல மாட்டுவேன், நீ வந்து தின்னணும். இப்ப எப்படிடா திரும்பி வருவே?"

வேறொன்றைக் கடிக்க வைத்த பிறகுதான் விட்டார். இரண்டு கோலடித்துத் திரும்பிவந்து அதைத் தின்றேன், கல் மாதிரி இருந்தது.

கிளப்பில் என் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டித்துவிட்டார்கள்.

நம் வீட்டில் நான் எதையும் கடித்து வைக்காமல் வந்துவிட்டேன். என் பழைய சட்டையையாவது ஆணியில் மாட்டி வை அம்மா. துவைக்காதே.

பஸ் வந்துவிட்டது.

மாவுலி