ஆறு முழம் பச்சை

உத்தமபாளையம்
12.8.2024

ஜோதிக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்க இன்று மனம் வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

என் சித்தி மதலேனாள் சென்னையில் உன் கண்காட்சியைப் பார்க்க வந்திருந்தார். திரும்பி வந்ததும், "ஆத்தா, ஒஞ் சேலையத் துண்டு துண்டா வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்காக" என்றார். நான் நம்பவில்லை. செல்போனில் படம் காட்டினார்.

நடவிலிருந்து அறுப்பு வரை நான்கு மாதம் தறியில் உட்கார்ந்து நெய்து உன் கண்காட்சிக்கு அனுப்பிய சேலை அது. முந்தானையில் நம் லோயர் கேம்ப் மலை, உடலில் வயல். கட்டினால் மலை தோளில் கிடக்கும், வயல் கொசுவமாகிக் காலடியில் விரியும். நீ மலையை மட்டும் மாட்டியிருக்கிறாய். ஆறு முழம் பச்சை எங்கே?

சகாயராணி

சென்னை
19.8.2024

என் அன்பு ராணிக்கு,

உன்னைக் கேட்டிருக்க வேண்டும், தப்புதான். முழுச் சேலையை மாட்டச் சுவரில் இடமில்லை. நடுவில் வெறும் பச்சைதானே, ஒன்றுமில்லையே என்று நினைத்தேன். அதில் எங்கள் கடைப் பெண்கள் குஷன் உறை தைத்துவிட்டார்கள். எவ்வளவு அழகாக இருக்கிறது தெரியுமா!

வருகிறவர்கள் எல்லாம் உன் பெயரைக் கேட்கிறார்கள். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம், இதற்கா சண்டை? தறியில் இருக்கும் திராட்சைப் பந்தல் சேலையை அக்டோபருக்குள் அனுப்பு. இந்த முறை கேட்டுவிட்டே வெட்டுகிறேன்.

உன் ஜோதிலட்சுமி

உத்தமபாளையம்
2.9.2024

ஜோதிலட்சுமிக்கு,

வெறும் பச்சையா? தினமும் காலையில் வாய்க்கால் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்து நூலுக்குச் சாயம் ஏற்றினேன். நட்டபோது வெளிறல், உரம் வைத்ததும் கறுப்பு, கதிர் வந்ததும் மஞ்சள் ஓடும். மொத்தம் பதினொரு பச்சை. ஊரிலேயே பிறந்த உனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை.

அது யார் வயல் என்றாவது கேட்டாயா? உன் அப்பா கர்ணன் தறியருகே வந்து பார்த்ததும், "ஏத்தா, இது நம்ம வயக்காடுல்ல!" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. அந்த வயலின் மேல்தான் இப்போது யாரோ உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள்.

பந்தல் சேலையை முடித்துவிட்டேன். உன் அம்மாவுக்குக் கொடுத்தேன். மறுநாளே கட்டிக்கொண்டு களை எடுக்கப் போனார். சேலைக் கரையெல்லாம் சேறு.

பொங்கலுக்கு வந்தால் அவர் கட்டியிருப்பதைப் பார். என் வீட்டுக்கு வராதே.

சகாயராணி