யோகன் வீட்டுத் தண்ணீர்

நவம்பர் 4, செவ்வாய்
விடியலில் இருந்து மழை. தின்னருக்குப் பதில் தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட் வந்து இறங்கியது. கார்ப் பெயின்ட் வகுப்பு இனி இதில்தான். தின்னர் டின்கள் எல்லாம் வெளியே. என் நெஞ்சுக்கு இதுதான் கடைசி வழி. "இனியும் தின்னர் மணந்தீரெண்டால் சுவாசப்பை போயிடும்" என்றார் டொக்டர். வேறு தொழில் தெரியாது.

கூடப் படிப்பிக்கும் யோகன் கதவைக் காலால் உதைத்தான். "உது பெயின்டே? மாரி மழைக்குக் காயுமே?"

"அப்ப நான் சாகட்டோ?"

அவன் தேநீர்க் கோப்பையைச் சுவரில் எறிந்து உடைத்தான்.

வாங்க: மாஸ்க், வடிதுணி, இன்ஹேலர்.

நவம்பர் 5, புதன்
மழை விட்டும் ஈரம். கார்க் கதவுக்கு அடித்தது பிசுபிசு. நாள் முழுக்க இருமல். யோகன் வகுப்புப் பெடியளுக்கு முன்னால் சிரித்தான். கழுத்தைத் திருகலாம் போல் வந்தது. வெள்ளிக்கிழமை கொழும்பு அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். கதவு பிழையாய்ப் போனால் பழையபடி தின்னர், நான் வீட்டுக்கு.

நவம்பர் 6, வியாழன்
வெயில். 

கலந்து வைத்த சிவப்பு ஸ்பிரே கன்னுக்குள் திரைந்த பால் மாதிரி. கதவெல்லாம் கட்டி. தின்னர் பட்டாலும் இப்படித்தான். வேறு யார், யோகன்தான்!

"தின்னர் விட்டனியோடா!" என்று கத்தி, கன்னாலேயே அவன் வாயில் அடித்தேன். விழுந்தவனை உதைத்தேன். பெடியள் இழுத்தும் விடவில்லை. ரத்தமா, பெயின்டா, தெரியவில்லை.

"தின்னர் இல்லை அண்ணை... தண்ணியெல்லோ விட்டனான்" என்று முனகினான்.

ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள்.

பின்னேரம். மேசைக்குக் கீழே ஒரு கான். மணந்து பார்த்தேன். தின்னர் மணமே இல்லை. வகுப்புக்கு வரும் நிரோஜா அழுதாள். "யோகன் சேர்தான் காலமை கொண்டந்தவர். இஞ்சத்தைக் கிணறு உவராம். நீங்கள் இருமுறதைப் பாக்கேலாமல் தங்கடை வீட்டு நல்ல தண்ணி கொண்டந்து கலந்தவர்."

குடிக்க இனிக்கும் எங்கள் கிணறுகளிலும் சுண்ணாம்பு. பெயின்ட் திரையும். கார்ப் பற்றரிக்கு விடும் சுத்தத் தண்ணீர்தான் விட வேண்டும். அவனுக்கு நான் சொல்லவே இல்லை. கோபத்தில் அவனோடு கதைப்பதையே விட்டிருந்தேன். வெட்கம். 

நவம்பர் 7, வெள்ளி
மூட்டம். பற்றரித் தண்ணீர் வாங்கி வைத்தேன். கதவைத் திரும்பத் தேய்த்தேன்.

யோகன் வந்தான். உதட்டில் தையல், ஒரு கண் மூடிக் கிடந்தது. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். முழுப் பலத்தோடு ஒன்று விட்டான். என் பல் ஒன்று நிலத்தில். 

பிறகு கன்னை எடுத்து நீட்டினான்.

"கொழும்புக்காரர் வரப்போயினம். சொல்லுங்கோ அண்ணை, எந்தத் தண்ணி?"