நான்கு விரல் தூரத்தில் வால்வு

மார்ச் 3

விமானப் பயிற்சி கிளப்பின் பழைய இரண்டு சீட்டு விமானத்துக்கு வருடாந்திரச் சோதனையை முடித்தேன். அறுபது வருஷமாக அதில் இடுப்பு பெல்ட் மட்டும்தான். இன்று தோள் பெல்ட்டும் பொருத்திவிட்டேன். எரிபொருள் வால்வு தரையோரம், பெடல்களுக்குப் பக்கத்தில். வெளியே நின்றபடி கதவு வழியாகக் கையை விட்டுத் திருப்பினேன். மூடுகிறது, திறக்கிறது, ஒழுகவில்லை. பட்டியலில் ஒரு டிக்.

அக்காதான் இதில் மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுத்தருகிறாள். "என்னடா, மூட்டை மாதிரி கட்டிப் போட்டுட்ட?" என்றாள்.

"உயிர் முக்கியமா, சௌகரியம் முக்கியமா?" என்றேன். அவள் வாயை அடைத்துவிட்டேன் என்று சந்தோஷம் வேறு.

மார்ச் 9

தீ. ஸ்டார்ட் பண்ணும்போதே. விமானம் நகரக்கூட இல்லை. உள்ளே அக்கா மட்டும். அவள் வலது கை—

எழுத வரல.

மார்ச் 10

மருத்துவமனை. முழங்கை வரை கட்டு. கேட்கக்கூடாது. கேட்டேன். "எரிபொருளை மூடுறதுதானே முதல் வேலை? ஏன் மூடல?"

"எட்டலடா. பெல்ட் குனிய விடல. அவுத்துட்டுக் குனிஞ்சு மூடினேன். அதுக்குள்ள நெருப்பு உள்ள வந்துடுச்சு."

மார்ச் 11

கருகிய சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். தீயில் தப்பியிருந்த பெல்ட்டை இறுக்கிக் கையை நீட்டினேன். நான்கு விரல் குறைகிறது. என் ஆறடி உடம்புக்கே. மறுபடி நீட்டினேன். மறுபடி.

இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தவரை யாரும் குனிந்து மூடலாம். குனிய விடாமல் செய்தது யார்? வால்வைச் சோதித்தேன். பெல்ட்டைச் சோதித்தேன். இரண்டையும் சேர்த்து ஒரு தடவை... முட்டாப்பயலே, ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்திருக்கக் கூடாதா?

மார்ச் 12

தலைமை இன்ஜினியர் அறிக்கையை நீட்டினார்: 'விமானி உரிய நேரத்தில் வால்வை மூடவில்லை.'

"இதுல பொய் எங்கப்பா இருக்கு? உன் மெக்கானிக் லைசென்ஸ காப்பாத்தத்தான் பாக்குறேன். போடு கையெழுத்த."

"அக்கா லைசென்ஸ்?"

பேனாவை என் பக்கம் தள்ளினார்.

மார்ச் 13

கையெழுத்துப் போடவில்லை. தனித்தாளில் எழுதிக் கொடுத்தேன்: 'பெல்ட் அணிந்தவருக்கு வால்வு எட்டாது. பெல்ட்டைப் பொருத்தியவன் நான். உட்கார்ந்து பார்க்கவில்லை.'

அக்காவிடமும் சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 20

எனக்கு மூன்று மாதத் தடை. அவள்மீது தவறு இல்லை என்று விமானத் துறையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 2

வால்விலிருந்து ஒரு கம்பி. அதன் முனையில், முழங்காலுக்குப் பக்கத்தில், சிவப்புக் கைப்பிடி. வரைபடம் அனுமதி கிடைக்காமல் மூன்று தடவை திரும்பி வந்தது. முன்பானால் கிழித்துப் போட்டிருப்பேன். நான்காவதுக்கு அனுமதி.

ஆகஸ்ட் 14

சரிசெய்த விமானத்தில் அக்கா ஏறினாள். பெல்ட்டைத் தானே இறுக்கினாள். கை கைப்பிடிக்கு எட்டியது. ஆனால் தீயில் வெந்த விரல்கள் மடங்கவில்லை. அவள் விரல் மடங்காது என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

"கழட்டிடறேன்க்கா. வேற மாதிரி—"

"சும்மா இருடா."

உள்ளங்கையால் தள்ளினாள். மூடியது. திறந்தாள், மூடினாள். ஐந்து தடவை. பிறகு திறந்தே வைத்துவிட்டு, ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"தள்ளி நில்லு. ஸ்டார்ட் பண்ணப் போறேன்."